தண்ணீர் ஊற்றித் தள்ளினால் எண்ணெய் வரும் என்றார்கள், தண்ணீர்தான் வருகிறது

சிரியம் மெக்கானிக் கேட்டது:

வணக்கம். நான் பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்தில் தன்லினில் இருக்கிறேன். நம் ஆட்கள் இன்னும் சிரியம் என்றுதான் சொல்கிறார்கள். பம்பும் டீசல் எஞ்சினும் பழுது பார்ப்பது தொழில். எண்ணெய்க் கிணறு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா சொன்ன கதைகள்தான். அவர் இங்கே பர்மா ஆயில் கம்பெனி ஆலையில் பீப்பாய் உருட்டியவர். 1942-ல் ஜப்பான்காரன் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரனே ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனபோது, பகலிலேயே விளக்கேற்றி வைத்துச் சோறு தின்றோம் என்பார். மற்றவர்கள் அசாம் வழியாக நடந்தபோது இவர் கால் வலிக்கிறது என்று தங்கிவிட்டார். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மச்சான் நடு பர்மாவில் மகுவே பக்கம் ஒரு சின்னக் கிணற்றில் பங்கு போட்டிருக்கிறான். 300 அடி ஆழம். எண்ணெய் இருக்கிற மணல் 10 அடி கனம் என்று குழாய் இறக்கியவர் சொன்னாராம். முதலில் நாளைக்கு ஒரு டிரம் வந்தது, அப்புறம் அரை டிரம்மாகக் குறைந்தது. எண்ணெயும் லேசுப்பட்டதல்ல. காலையில் டிரம் மூடியைத் திறந்தால் வாசலின் மாதிரி உறைந்து கிடக்கும். குச்சியை நட்டால் அப்படியே நிற்கும். வெயில் ஏறினால்தான் இளகும்.

60 அடி தள்ளி, கைவிட்ட கிணறு ஒன்று இருக்கிறது. அதில் தண்ணீரை அழுத்தி விட்டால் அது அடியில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வரும், பெரிய கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பட்டறையில் கிடந்த 5 குதிரைசக்தி பிளஞ்சர் பம்பைப் பேருந்துக் கூரையில் கட்டிக்கொண்டு போனேன். மூன்று நாளில் 40 டிரம் தண்ணீர் உள்ளே போனது.

இரண்டாம் நாள் ஒன்றரை டிரம் எண்ணெய் வந்தது. அன்று ராத்திரி மச்சான் கோழி அடித்தான். மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. சாயங்காலம் வெறும் தண்ணீர், மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம். இன்றோடு பதினோரு நாள். அப்படியேதான் இருக்கிறது.

பங்காளிகள் சொல்வது: பம்பில் பலம் போதவில்லை, 10 குதிரைசக்தி போட்டு ஓங்கி அழுத்தினால் மிச்ச எண்ணெய் வந்துவிடும். புது பம்புக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பேரிங் மூடியைப் பிரிக்கும்போது கிரீஸில் மரம் கிளை விட்ட மாதிரி ஒரு கோலம் விழும், பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்குள் தண்ணீர் போவதும் அப்படித்தான், விரல் விரலாக நுழையும் என்று எங்கேயோ படித்தேன். என் கிணற்றில் நடந்தது அதுதானா? பெரிய பம்ப் போட்டால் சரியாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன் டீச்சர் எழுதியது:

தம்பி, அந்தக் கிரீஸ் கோலத்தைப் பார்த்த கண்ணுக்குப் பாதி விடை ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மூடியைத் தூக்கும்போது இடைவெளி பெருகுகிறது, அதை நிரப்ப ஓரத்திலிருந்து காற்று உள்ளே வருகிறது. காற்று லேசாக ஓடும், கிரீஸ் கெட்டி. எடையைச் சொல்லவில்லை, ஓடும் சுலபத்தைச் சொல்கிறேன். லேசானது கெட்டியானதைத் தள்ளும் இடத்தில் எல்லை நேராக நிற்காது. வீட்டிலும் பார்க்கலாம். அரைத்த தனக்கா மரப்பட்டைச் சாந்தை இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிரித்தால் அதே மரம் விழும். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் கன்னத்திலேயே இதைச் செய்து காட்டுவார்கள்.

ஏன் நேராக நிற்பதில்லை? மணலுக்குள் தண்ணீர் ஒரே வரிசையாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மணல் கொஞ்சம் பருமனாக இருக்கிறது, அங்கே மட்டும் தண்ணீர் நாலு அங்குலம் முந்திவிட்டது. அந்தக் கோட்டில் இனி தள்ள வேண்டிய கெட்டி எண்ணெய் நாலு அங்குலம் குறைவு. தடை குறைந்ததால் அங்கே ஓட்டம் வேகம் பிடிக்கிறது. வேகம் பிடித்ததால் இன்னும் முந்துகிறது. முந்தியவனுக்கே மேலும் மேலும் வழி கிடைக்கிறது. பின்தங்கிய இடத்து எண்ணெய் அப்படியே நின்றுவிடுகிறது. தலைகீழாகக் கெட்டியானது லேசானதைத் தள்ளினால் கதை மாறும். முந்திய முனையில் தடை கூடும், அது தானே பின்வாங்கி வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு கண்ணாடித் தகடு எடுத்து, மூலையில் தபால் அட்டைத் துண்டு வைத்து இடைவெளி விடுங்கள். ஒரு தகட்டின் நடுவில் துளை வேண்டும். உள்ளே கியர் ஆயிலை நிரப்பி, சாயத் தண்ணீரை ஊசிக்குழாயால் துளை வழியே விடுங்கள். அப்புறம் தண்ணீரை நிரப்பி ஆயிலை விடுங்கள். இந்த மாதிரிக் கண்ணாடி இடுக்கை 1898 வாக்கில் ஹீல்-ஷா என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பயன்படுத்தினார். இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள்.

மகுவே பக்கத்து எண்ணெய் உறைவதில் புதுமை இல்லை. அது மெழுகு. 1850-களிலேயே லண்டன் மெழுகுவர்த்திக் கம்பெனிக்காரர்கள் ரங்கூன் எண்ணெய் என்று இதைக் கப்பலில் வரவழைத்து மெழுகு எடுத்தார்கள். அந்தப் பக்கத்துப் பழைய எண்ணெய் ஊரான யேனாஞ்சவுங்கின் பெயரே 'நாற்றத் தண்ணீர் ஓடை' என்று பொருள்படுவதுதான். அங்கே எண்ணெயை வீசைக் கணக்கில் அளந்தார்கள். வெள்ளைக்காரன் எழுதி வைத்த விஸ் நம் வீசைதான்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்க் கிணறு ஏதாவது இருக்கிறதா?

கஞ்சித்தொட்டி எழுதியது:

லேசானது கெட்டியைத் தள்ளுவதுதான் தப்பு என்றால் தண்ணீரைக் கெட்டியாக்கினால் தீர்ந்தது. நாலு மூட்டை அரிசியை வடித்து அந்தக் கஞ்சியை ஊற்றச் சொல்லுங்கள் அண்ணே. வந்தால் எண்ணெய், வராவிட்டால் அன்னதானம்.

ரிசர்வாயர் ரங்கூன்காரன் எழுதியது:

கஞ்சித்தொட்டி விளையாட்டுக்குச் சொன்னதை உலகத்தில் நிஜமாகவே செய்கிறார்கள். சீனாவில் தாச்சிங் எண்ணெய் வயலில் 1996-லிருந்து பெரிய அளவில் பாலிமர் கலந்த தண்ணீரை அழுத்துகிறார்கள். பாலிஅக்ரிலமைடு என்ற நீளமான மூலக்கூறு. கொஞ்சம் போட்டாலே தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். சாஸ் பாட்டிலில் இருக்கும் சாந்தன் பிசினையும் போடுவதுண்டு. கஞ்சி மட்டும் வேண்டாம். இரண்டு நாளில் புளித்து, நுரைத்து, மணலின் வாயை அடைத்துவிடும். உங்கள் மாதிரி ஒரு டிரம் கிணற்றுக்குப் பாலிமரும் கட்டுபடியாகாது.

டீச்சர் சொன்ன விளக்கம் அப்படியே சரி. இதற்கு முதலில் கணக்குப் போட்டவர் எண்ணெய்க்காரர்கூட இல்லை என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. 1952-ல் ஹில் என்பவர் சர்க்கரைச் சுத்திகரிப்பை வைத்து எழுதினார். எலும்புக்கரி நிரப்பிய உயரமான தொட்டியில் பாகை விட்டு நிறம் நீக்குவார்கள். கடைசியில் உள்ளே தங்கிய பாகைத் தண்ணீர் விட்டு வெளியே தள்ளுவார்கள். தண்ணீர் பாகைத் தள்ளாமல் நடுவில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு இறங்கிவிடும், பாகு கரியிலேயே நிற்கும். மெதுவாக விட்டால் இது நடக்காது, ஒரு வேகத்தைத் தாண்டினால்தான் நடக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். ஏனென்றால் மேலே நிற்கும் தண்ணீர் எடை குறைவு, கீழே பாகு எடை அதிகம். புவியீர்ப்பு எல்லையை மட்டமாக வைத்திருக்கப் பார்க்கிறது, பிசுபிசுப்பு வித்தியாசம் அதைக் குலைக்கப் பார்க்கிறது. வேகம் கூடினால் குலைப்பவன் ஜெயிப்பான். 1958-ல் சாஃப்மனும் டெய்லரும் டீச்சர் சொன்ன கண்ணாடி இடுக்கில் இந்த விரல்களைச் செய்து காட்டினார்கள்.

அந்த வேகம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பீர்கள். சுமாரான மணற்பாறை, திரவத்தை ஊடுருவ விடும் அளவு 100 மில்லிடார்சி என்று வையுங்கள். எண்ணெய் தண்ணீரைவிடப் பத்து மடங்கு கெட்டி. எடை வித்தியாசம் ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ. துளைகள் ஐந்தில் ஒரு பங்கு. கீழிருந்து மேலாகத் தண்ணீர் தள்ளினால், எல்லை நாளைக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகரும்வரை மட்டமாக நிற்கும். பெரிய வயல்களில் நாளைக்கு ஓர் அடி நகர்த்துவது சாதாரணம். அதாவது எல்லாருமே கோட்டைத் தாண்டித்தான் ஓட்டுகிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொள்வதும், கிணறுகளைச் சுற்றி வளைத்து வைப்பதும், கடைசியில் பாதிக்குமேல் எண்ணெயை அடியிலேயே விட்டுவிட்டு வருவதும்தான் இந்தத் தொழில். பழைய யேனாஞ்சவுங் கைக்கிணறுகளில் ஊறியதை வாளியால் இறைத்தவர்கள் இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

இப்போது உங்கள் கணக்கு. 60 அடி என்பது 18 மீட்டர், 10 அடி என்பது 3 மீட்டர். கைவிட்ட கிணற்றைச் சுற்றி 18 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் துளைகளின் கொள்ளளவு மட்டும் 600 கன மீட்டர், 3000 டிரம். அதில் நகரக்கூடியது பாதி, 1500 டிரம். ஒரு கிணறு தள்ள, ஒரு கிணறு இழுக்க, தண்ணீர் இழுக்கும் பக்கம் சாய்ந்து ஓடுவதால் மூன்றில் ஒரு பங்கு போனதுமே வந்து சேர்ந்துவிடும். அப்படியே பார்த்தாலும் 500 டிரம். நீங்கள் விட்டது 40.

விரல்கள் விழுந்தால் 500 என்பது நன்றாகக் குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 40-க்கே வந்தது என்றால் எனக்கு விரல் மட்டும் போதவில்லை. வயலில் சீக்கிரம் தண்ணீர் வந்த கதைகளில் நான் பார்த்தவரை பாதிக்கு விரல் காரணமில்லை. ஒரு சாண் கனத்துக்குப் பருமணல் அடுக்கு ஓடியிருக்கும், அல்லது குழாய்க்கு வெளியே சிமெண்ட் சரியாகப் பிடித்திருக்காது, அல்லது பாறையில் பிளவு. பிளவு இருந்தால் அதையும் விரல் என்று சொல்லி எல்லாரும் தப்பித்துக்கொள்வார்கள். இன்னொன்று, உங்கள் தண்ணீரே அல்லாமல் அடியில் இருக்கும் தண்ணீர் கூம்பு மாதிரி எழும்பி வந்திருக்கலாம்.

அதனால் இரண்டு கேள்வி. ஒன்று, வருகிற தண்ணீரைத் தகரத் தட்டில் காய்ச்சுங்கள். உப்பு தங்குகிறதா? அடித்தண்ணீர் என்றால் பெரும்பாலும் உப்பாக இருக்கும், நீங்கள் விட்டது என்றால் இருக்காது. இரண்டு, பம்பில் பிரஷர் கேஜ் இருந்ததா, அது என்ன காட்டியது?

பெரிய பம்ப் பற்றி: 300 அடித் தண்ணீர்த் தூணே அடியில் 130 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 130 பவுண்டு. இந்த ஆழத்தில் பாறை பிளக்க அடிக்கு 0.7-லிருந்து 1 பிஎஸ்ஐ போதும் என்று வைத்தால் 210-லிருந்து 300. மிச்சத்தை நீங்கள் மேலிருந்து கொடுத்தால் முடிந்தது. மேலே கேஜில் 80-ஐத் தாண்டிவிட்டால் நான் அங்கே நிற்கமாட்டேன்.

சிரியம் மெக்கானிக் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு நாளாக மின்சாரம் சரியில்லை.

முதலில் டீச்சர் சொன்ன சோதனை. ஜன்னல் கண்ணாடி இரண்டு, டிரில்லில் தண்ணீர் சொட்டவிட்டுத் துளை போட்டேன். இரண்டு உடைந்தது, மூன்றாவதில் நின்றது. 90 நம்பர் கியர் ஆயில் நிரப்பி, மகளின் சிவப்பு மையைக் கரைத்து ஊசிக்குழாயில் விட்டோம். மெதுவாக அழுத்தியபோது நாலைந்து தடித்த நாக்குகள். சட்டென்று அழுத்தியபோது மெல்லிசாக இருபதுக்கு மேல் கிளைத்து, ஒன்று ஓரத்தைத் தொட்டதும் மற்றதெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு மை விட்டாலும் அந்த ஒரே கோட்டில் வந்து என் லுங்கியில்தான் சொட்டியது. மாற்றிச் செய்தோம், தண்ணீருக்குள் ஆயில் வட்ட நிலாவாகப் பரவியது. மகள் அதைத்தான் பார்த்துக் கைதட்டினாள், எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது முதல் சோதனைதான்.

மச்சான் தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்துப் படம் அனுப்பினான். தட்டில் ஒன்றும் தங்கவில்லை, லேசாக மண் கோடு மட்டும். பங்கு போட்ட புதிதில் வந்த தண்ணீர் உப்புக் கரித்தது அவனுக்கே நினைவிருக்கிறது. ஆக, நாங்கள் விட்ட தண்ணீரேதான்.

அடுத்தது கேஜ். எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதல் நாள் 90-ல் நின்றது. இரண்டாம் நாள் காலை கொஞ்சம் கொஞ்சமாக 110 வரை ஏறியது. பத்து மணி வாக்கில் சட்டென்று 60-க்கு விழுந்தது. பெல்ட் நழுவுகிறது என்று நினைத்தேன். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டை இறுக்கி, மறுபடி ஓட்டினேன். அதே 60. தண்ணீர் முன்னைவிடச் சுலபமாக உள்ளே போனது. பம்ப் நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அன்று ராத்திரிதான் கோழி.

ரிசர்வாயர் ரங்கூன்காரன் எழுதியது:

அந்தப் பத்து மணிதான். பிளஞ்சர் பம்ப், ஒரே வேகம், அழுத்தம் மட்டும் பாதியாக விழுகிறது, தண்ணீர் தாராளமாகப் போகிறது என்றால் பாறை வாய் திறந்துவிட்டது என்று பொருள். திறந்த வாய் உங்கள் மச்சான் கிணற்றுப் பக்கமாக ஓடியிருக்கிறது. ஒன்றரை டிரம் வந்தது அந்தப் பிளவில் இருந்த எண்ணெயும் அதன் ஓரத்து எண்ணெயும். கூச்சப்படாதீர்கள், பெரிய கம்பெனி ஆட்களும் இப்படி பெல்ட் இறுக்கியிருக்கிறார்கள், அவர்கள் பெல்ட் கொஞ்சம் பெரிது.

10 குதிரைசக்தி போட்டால் பிளவு இன்னும் நீளும், அவ்வளவுதான். தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். அழுத்தம் போனால் பிளவு ஓரளவு மூடிக்கொள்ளும், முழுதாக மூடாது. எண்ணெய்க் கிணற்றையும் சில வாரம் சும்மா போடுங்கள். மணல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு எண்ணெயைக் கொஞ்சம் வெளியே விடும், தண்ணீர் கீழே இறங்கும், எண்ணெய் மேலே ஏறும். பிறகு நாளைக்குக் கால் டிரம் என்று மெதுவாக எடுத்துப் பாருங்கள். பழைய அரை டிரம் திரும்பி வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். இன்னொன்று, நல்ல தண்ணீர் விட்டிருக்கிறீர்கள். மணலில் களிமண் இருந்தால் அது உப்பில்லாத தண்ணீரில் உப்பி, துளைகளை அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

டீச்சர் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பிளவு எந்தப் பக்கமெல்லாம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சிரியம் மெக்கானிக் எழுதியது:

ஊர்க் கிணறு 400 அடி தள்ளி இருக்கிறதாம், டீச்சர். பத்துப் பதினைந்து வீடு அதில்தான் தண்ணீர் எடுக்கிறது. ஒரு போத்தல் எடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன், வாடை இல்லை என்றான். இருந்தாலும் இந்த மாதம் முழுக்க வாரம் ஒரு போத்தல் எடுத்துத் தேதி எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பம்ப் கடைக்காரர் முன்பணத்தில் பாதிதான் திருப்பித் தருவேன் என்கிறார். பங்காளிகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கண்ணாடித் தகட்டைக் கழுவாமல் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, என் 5 குதிரைசக்தியைக் கழற்றி எடுத்து வரப்போகிறேன்.